மூடிய கையும் அறுபத்தோரு பவுண்டு கெளுத்தியும்

உனக்குக் கிடைக்காது என்று சொல்லப்பட்ட பிறகு என் தங்கை அர்டித் வாங்கிக் காட்டியவை இவை: மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டு நான்காம் முறை கிடைத்த லாரி ஓட்டும் உரிமம். மாவட்டச் சந்தையில் குதிரை லாடம் எறியும் போட்டியில் முதல் பரிசு, இரண்டு வருடம் அடுத்தடுத்து, எதிரே நின்றவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். லானி பீஸ்லியின் அம்மாவுடைய சம்மதம். மாவு பிசையத் தெரியாத மருமகள் எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தவர், இவள் சுட்ட ரொட்டியை இரண்டு ஞாயிற்றுக்கிழமை தின்றுவிட்டு, மூன்றாவது ஞாயிறு தானாகவே கல்யாணத் தேதி எப்போது என்று கேட்டார். ஊர்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் ஓர் இடம், பல் டாக்டரைத் தேர்தலில் தோற்கடித்து. அப்புறம், எங்கள் ஊர் வாஷிட்டா ஆற்றில் அறுபத்தோரு பவுண்டு தட்டைத்தலைக் கெளுத்தி ஒன்று, வெறுங்கையால்.

எழுபது பவுண்டு என்று சிலர் சொல்கிறார்கள். தப்பு. தராசுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். அறுபத்தொன்றுதான்.

மற்றவற்றைப் பற்றி லானி என்னைவிட நன்றாகச் சொல்வான். கெளுத்தியைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும். அன்று தண்ணீரில் நின்று அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

முதலில் கை. அர்டித்துக்கு நான்கு வயதிருக்கும்போது அம்மா கொல்லையில் சோப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கொதிக்கிற கொப்பரைக்குள் குழந்தையின் வலது கை போய்விட்டது. புண் ஆறியது. ஆறும்போது தோல் சுருங்கி, விரல்கள் நான்கையும் உள்ளங்கைக்குள் இழுத்துக்கொண்டுவிட்டது. கட்டை விரல் மட்டும் கொஞ்சம் அசையும். இந்தக் கை இனி விரியாது என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னது சரி, இன்றுவரை விரியவில்லை. ஆனால் கை விரியாது என்றுதான் அவர் சொன்னார், கை உதவாது என்று சொல்லவில்லை. அர்டித் முட்டியாக மூடிய அந்தக் கையில் இரண்டு வாளித் தண்ணீரை மாட்டிக்கொண்டு நடப்பாள். பருத்திக் காட்டில் நிறைந்த சாக்கைத் தோளில் போட்டு என்னைவிட வேகமாக வரிசையைத் தாண்டுவாள்.

எழுதுவதுதான் வரவில்லை. அந்த முட்டிக்குள் பென்சில் நிற்காது, நழுவி விழும். இடது கையால் எழுதப் பார்த்தாள். அந்தக் காலத்து வாத்தியார்களுக்கு இடது கை என்றாலே ஆகாது, முழங்கையில் அடி விழுந்தது. "அப்போ எழுதவே மாட்டேன் போ" என்று பலகையைக் கீழே வைத்துவிட்டாள். வைத்தது வைத்ததுதான். எட்டாம் வகுப்புவரை உட்கார்ந்து எல்லாப் பாடத்தையும் காதால் கேட்டுப் படித்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை அப்பாவுக்கு உரக்க வாசித்துக் காட்டுவாள். எங்காவது கையெழுத்துப் போட வேண்டி வந்தால் நான் அவள் பெயரை எழுதுவேன், அவள் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவாள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் என் எழுத்து அழகாக இருக்கும்.

இனி ஆறு.

எங்கள் ஆட்கள் தூண்டில் போடுவதில்லை என்றில்லை. ஆனால் ஜூன் மாதம் தண்ணீர் சூடேறிவிட்டால் தூண்டிலை யாரும் தொட மாட்டார்கள். கரைக்கு அடியில், பாறைக்கு அடியில், மூழ்கிக் கிடக்கும் மரத்துக்குள், எங்கே பொந்து இருக்கிறதோ அங்கே தட்டைத்தலைக் கெளுத்தி போய்ப் படுக்கும். பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண் மீன் வாசலைப் பார்த்துக் காவல் கிடக்கும். உள்ளே எது நுழைந்தாலும் கடிக்கும். அந்தக் கோபம்தான் எங்களுக்கு வேண்டியது. கையைக் கொடுத்து, கடிக்க விட்டு, தாடையைப் பிடித்து வெளியே இழுத்து வருவோம். பல் கூர்மையானது கிடையாது. உப்புத்தாளை வைத்து அழுத்தித் தேய்த்த மாதிரி இருக்கும்.

எங்கள் கூட்டத்தில் நான்கு பேர். பெரியப்பா ஹாய்ட் தலைவர். அவர் மகன் கிளீவ் கை போடுகிறவன். கை போடுகிறவனின் காலைப் பிடித்துக்கொண்டு, அவன் இரண்டு முறை உதைத்தால் இழுப்பவன் நான். பொந்துக்கு எப்போதும் பின்வாசல் ஒன்று இருக்கும், மீன் அந்த வழியாகத் தப்பாமல் மணல் மூட்டையாலும் முழங்காலாலும் அடைத்துக்கொண்டு நிற்பவள் அர்டித். பன்னிரண்டு வயதிலிருந்து அவளுக்கு அந்த வேலைதான். ஒவ்வொரு ஜூனிலும் அவள் கேட்பாள்.

"பெரியப்பா, இந்த வருஷமாவது எனக்கு ஒரு பொந்து குடுங்க."

"தாடையைப் பிடிக்கணும்டி. எதை வச்சுப் பிடிப்ப?"

"குடுத்துத்தான் பாருங்களேன்."

"குடுத்துட்டு உங்கப்பன்கிட்ட யாரு பதில் சொல்றது?"

கிளீவ் கரையில் படுத்துக்கொண்டே சொல்வான்: "குடுங்கப்பா. இவ முட்டியை நீட்டினா மீனு சிரிச்சே செத்துப்போகும். நமக்கு வேலை மிச்சம்."

"உன் மூஞ்சியைப் பாத்தே சாகாத மீனு, என் முட்டியைப் பாத்தா சாகப்போகுது?" என்பாள் அர்டித். எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு அவள் மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விடுவாள்.

அவள் எதற்காகக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். ஊரில் டாலிசன் அம்மாவின் கடை இருக்கிறது. மாட்டுத் தீவனம், ஆணி, புழு எல்லாம் அங்கேதான். தராசுக்குப் பின்னால் சுண்ணாம்பு அடித்த பலகைச் சுவர். ஒவ்வொரு வருடமும் கையால் பிடித்த மீனில் மிகப் பெரியது எதுவோ, அதன் எடையும் பிடித்தவரின் பெயரும் அந்தச் சுவரில் கறுப்புச் சாயத்தால் எழுதப்படும். டாலிசன் அம்மா எழுத மாட்டார். மீனின் வாய்க்குள் போன கை எதுவோ, அதே கைதான் எழுத வேண்டும். முன்பொரு காலத்தில் ஒருவன் அக்கரையில் தூண்டில்காரனிடம் மீனை வாங்கிவந்து தன் மீன் என்று சாதித்தானாம். அவன் கையைத் திருப்பிப் பார்த்தால் ஒரு சிராய்ப்பு இல்லை. அன்றிலிருந்து இந்த வழக்கம். தோல் உரிந்த கையை முதலில் காட்ட வேண்டும், பிறகு அந்தக் கையால் தூரிகையைப் பிடிக்க வேண்டும். சுவரில் அடியிலிருந்து மேல்வரை ஒரு பெண் பெயர்கூட இல்லை. அர்டித் தீவனம் வாங்கப் போகும்போதெல்லாம் அந்தச் சுவரை வாசிப்பாள். முழுவதும் மனப்பாடம்.

அந்த வருடம் அவளுக்குப் பதினெட்டு வயது. வசந்தத்தில் பெரிய வெள்ளம் வந்து வடிந்திருந்தது. பழைய பாலம் உடைந்து விழுந்ததில் ஒரு காங்கிரீட் பலகை ஆற்றோரமாகச் சாய்ந்து கிடந்தது, அதன் அடியை வெள்ளம் அரித்துப் பெரிய பொந்தாக்கியிருந்தது. தண்ணீர் மார்பளவு, செம்மண் கரைந்து தேநீர் நிறம். அர்டித் பின்வாசலில் மூட்டையை அழுத்திக்கொண்டு நின்றாள். நான் பலகைமேல். கிளீவ் முன்வாசலில் வில்லோ மரக் குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தான்.

குச்சியை விடுவது கை போடுவதற்கு முன் எல்லாரும் செய்வது. மெத்தென்று பட்டால் மீன். கெட்டியாகப் பட்டால் ஆமை. எங்கள் ஆற்று ஆமைக்கு வாய் கோடாலி மாதிரி. கடித்தால் விரல் திரும்பி வராது.

கிளீவ் இரண்டு தடவை குத்தினான். கையை வெளியே எடுத்துவிட்டு ஓரடி பின்னால் போனான்.

"ஆமை. கிளம்புங்க, அடுத்த பொந்துக்குப் போலாம்."

"ஆமை இல்ல," என்றாள் அர்டித்.

"குச்சி உன் கையிலயா இருந்துச்சு, என் கையிலயா?"

"குச்சி உன் கையில இருந்துச்சுண்ணே. மீனு என் காலுகிட்ட இருக்கு. தண்ணி வந்து வந்து மோதுது, யாரோ விசிறுற மாதிரி. ஆமை விசிறுமா?"

"நீ வெயில்ல நிக்கிறியேன்னு பாவம் பாத்து விசிறுதோ என்னமோ."

"முட்டைக்கு விசிறுது. வாலை ஆட்டி ஆட்டி விசிறுது. உன் குச்சி மண்டையில பட்டிருக்கும். கெளுத்தி மண்டை என்ன பஞ்சா?"

பெரியப்பா தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். அவருக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கிளீவுக்கும் தெரிந்தது. அதனால்தான் அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அவ்வளவு நிச்சயமாத் தெரிஞ்சா நீயே கையை விடு! உனக்குத்தான் கடிக்கறதுக்கு ஒரு விரல்கூட வெளிய நீட்டிட்டு இல்லையே."

சொன்ன உடனே அவன் முகம் மாறிவிட்டது. கிளீவ் கெட்டவன் இல்லை, வாய் முந்துகிறவன். அர்டித் தன் வலது கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பார்த்தாள். அதை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பவள் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அண்ணே, நீ சொல்றது நெசம்தான். ஆமையா இருந்தாலும் எனக்குப் போறதுக்கு ஒண்ணும் இல்ல. பெரியப்பா, கேட்டீங்கல்ல? உங்க மகனே பொந்தைக் குடுத்துட்டாரு."

பெரியப்பா கிளீவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கிளீவ், நீ போய்ப் பின்னால அடை. வெல்டன், கீழ இறங்கி அவ காலைப் பிடி. ரெண்டு உதை உதைச்சா இழு. உதைக்காம இழுக்காத."

அர்டித் மூச்சை இழுத்துக்கொண்டு அமிழ்ந்தாள். அவள் வலது கணுக்கால் என் இரண்டு கைக்குள் இருந்தது. அந்தக் கலங்கல் தண்ணீரில் என் கையே எனக்குத் தெரியவில்லை. அவள் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்தது, கால் மட்டும் நீண்டுகொண்டே போனது. பிறகு அந்தக் காங்கிரீட் பலகைக்கு அடியில் 'தம்' என்று ஒரு சத்தம். காதில் விழுந்தது என்பதைவிட என் வயிற்றில் விழுந்தது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

பின்னாலிருந்து கிளீவ் கத்தினான்: "மீனுதான்! யப்பா, மீனுதான்! மூட்டையில வந்து இடிக்குது!"

அர்டித்தின் கால் என் பிடிக்குள் முறுக்கிக்கொண்டு திரும்பியது. உள்ளே மீன் உருளுகிறது, அவளையும் சேர்த்து உருட்டுகிறது. தண்ணீர் குமிழி குமிழியாகப் பொங்கியது.

"இழுடா!" என்றார் பெரியப்பா.

"உதைக்கல பெரியப்பா."

"நான் சொல்றேன், இழு! புள்ள மூச்சு முட்டிப் போயிடும்!"

"அவ உதைக்கல."

அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் இழுக்கவில்லை. சீக்கிரம் இழுத்தால் மீன் கையை உருவிவிட்டுப் போய்விடும். அடுத்த ஜூன்வரை, ஒருவேளை ஆயுசுக்கும், அவள் பின்வாசலில்தான் நிற்க வேண்டும். எனக்கும் பயம்தான். ஆனால் அவள் உதைப்பாள் என்று தெரியும். அர்டித் தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்கிறவள்.

ஓர் உதை. உடனே இன்னோர் உதை, என் நெஞ்சில்.

இழுத்தேன். முதலில் முதுகு வந்தது, பிறகு தலைமுடி, பிறகு ஒரு பெரிய இருமல். "கயிறு! கயிறு குடுங்க!" என்று அந்த இருமலுக்கு நடுவிலேயே கத்தினாள். அவள் வலது கையில் மணிக்கட்டுவரை பூட்ஸ் மாட்டிய மாதிரி கெளுத்தியின் தலை மாட்டியிருந்தது. என் மார்பைவிட அகலமான தலை. மஞ்சளும் பழுப்புமான உடம்பு தண்ணீரை அறைந்தது. அவளுடைய இடது கை செவுளுக்குள் முழங்கைவரை போயிருந்தது.

பெரியப்பா வாலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்தார். கிளீவ் மூட்டையை விட்டுவிட்டு ஓடிவந்து செவுள் வழியாகக் கயிற்றைக் கோத்தான்.

பிறகு கரையில் மூச்சு வாங்கிக்கொண்டே அவள் சொன்னது இது. முட்டியால் மீனின் மூக்கில் ஒரு தட்டுத் தட்டியிருக்கிறாள். அது வாயைத் திறந்து கடித்தது; அவள் கையை இழுக்காமல் தொண்டைவரை குத்திவிட்டாள். மீன் உருண்டது. விரித்த கையாக இருந்தால் அந்த உருட்டலில் வழுக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கும். முட்டி கயிற்று நுனி முடிச்சு மாதிரி தாடைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. மீனால் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அது திணறிய நேரத்தில் இடது கையைச் செவுளுக்குள் விட்டாள். அதற்குப் பிறகுதான் உதைத்தாள்.

"இனிமே நான் ஆமைன்னு சொன்னா என் வாயில உன் முட்டியை வை," என்றான் கிளீவ்.

"வேணாம்ணே. மாட்டிக்கும்."

பக்கத்துப் பொந்துகளை அந்த வருடம் யாரும் தொடக்கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். பெரிய மீன் எடுத்தால் அதன் சுற்றுவட்டாரத்தை விட்டுவிடுவது அவர் வழக்கம். மூட்டைகளை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனோம்.

அந்த வருடம் அதுவரை முதலிடம் பஸ்டர் லாஃப்டிஸ் மாமாவுக்கு, ஐம்பத்தெட்டு பவுண்டு. மனிதர் கடை வாசலில் சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தராசு முள் நின்றதும் எழுந்து உள்ளே வந்தார்.

"யாரு கை?" என்றார் டாலிசன் அம்மா.

அர்டித் வலது கையை நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முட்டியிலிருந்து மணிக்கட்டுவரை தோல் உரிந்து, கேரட் துருவியில் தேய்த்த மாதிரி சிவந்திருந்தது.

"இந்தக் கைதான். இதுல பேச்சே இல்ல."

"மீன் அவளோடதுன்னு நானும் ஒத்துக்கறேன்," என்றார் லாஃப்டிஸ். "ஆனா சுவத்துல யாரு எழுதறது? புள்ளைக்கு எழுத வராதே."

"இடது கையால எழுதட்டும்," என்றார் பெரியப்பா. "அதுவும் மீனுக்குள்ளதான போச்சு?"

"செவுளுக்குள்ள போச்சு ஹாய்ட். வாய்க்குள்ள போச்சா?"

"கூட்டத்துப் பேரை எழுதிடலாம்," என்று கிளீவ் ஆரம்பித்தான். நான் எழுதுகிறேன் என்று நானும் வாயெடுத்தேன். அர்டித் எங்கள் எல்லாரையும் கையமர்த்தினாள்.

"மாமா சொல்றது நியாயம். இடது கை உள்ள போகல. எழுதறதுன்னா இந்தக் கைதான் எழுதணும். எப்ப வரைக்கும் நாள் இருக்கு?"

"ஜூலை நாலுக்கு முந்தின சனிக்கிழமை கடை சாத்தற வரைக்கும்," என்றார் டாலிசன் அம்மா. "அதுக்குள்ள எழுதலைன்னா அடுத்த ஆளு பேருதான் சுவத்துல ஏறும். நான் எனக்காகக்கூட மாத்தினதில்ல கண்ணு."

"மாத்த வேணாம்மா."

வீட்டில் சோளமாவில் புரட்டிப் பொரித்த கெளுத்தி, பச்சை வெங்காயம், பீன்ஸ். ஊரே வந்து தின்றது. அர்டித் தின்னாமல் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். முட்டிக்குள் சொருகினாள், விழுந்தது. நான் கயிற்றால் கட்டிவிட்டேன், ஆடியது. கட்டை விரலுக்கு அடியில் துணி வைத்தோம். இரண்டு கோடு போடுவதற்குள் திரும்பிக்கொண்டது. அடுத்தடுத்த நாட்களும் இதே கதைதான். "விடு, புண்ணு ஆறட்டும்" என்று அம்மா சொன்னதற்கு, "புண்ணு ஆறினா அப்புறம் எந்தக் கையைக் காட்டறது?" என்று எரிந்து விழுந்தாள்.

பிறகொரு காலை கோழிக்குப் போடச் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தோம். அவள் எப்போதும் கதிரை வலது முட்டிக்குள் சொருகி இடது கையால் உதிர்ப்பாள். உதிர்த்து முடித்த வெறுங்கட்டையைக் கீழே போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். ஆட்டினாள். அசையவில்லை.

"வெல்டன் அண்ணே, பென்சில் ஒல்லி. அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருஷமும் பென்சில்தான் ஒல்லியா இருந்திருக்கு."

அவளே ஆணியால் கட்டையின் நடுவில் துளை போட்டாள். நான் அப்பாவின் சாயத் தூரிகையின் காம்பைச் சீவிக் கொடுத்தேன். அடித்து இறக்கினோம். முட்டிக்குள் கட்டை, கட்டைக்குள் தூரிகை. தோளிலிருந்து எழுத வேண்டியிருந்தது, விரலிலிருந்து எழுத முடியாது. அதனால் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். சாயத்தை வீணாக்காமல் வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு, வெயில் காய்ந்த கொட்டகைப் பலகையில் எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் முதல் எழுத்து உலர்ந்து மறைந்துவிடும். மறுபடி எழுதுவாள். நான் மாதிரிக்கு எழுதிக் காட்டினேன்.

"உன்னோடது மாதிரி வேணாம். வாலு வாலா தொங்குது. என்னோடது நேரா நிக்கணும்."

அவளுடையது நேராகத்தான் நின்றது. நேராக, கனமாக, வேலிக்குக் கம்பம் நட்ட மாதிரி. மாலையில் கொட்டகைச் சுவர் முழுக்க ஈரமாக இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை கடைக்குள் நிற்க இடமில்லை. டாலிசன் அம்மா கையை இன்னொரு முறை வாங்கிப் பார்த்தார். சிராய்ப்பு பொருக்குத் தட்டியிருந்தது, ஆனால் தெளிவாகத் தெரிந்தது. அர்டித் அந்தச் சோளக் கட்டையை முட்டிக்குள் சொருகிக்கொண்டாள். கிளீவ் ஏணியைப் பிடித்துக்கொண்டான். சாய டப்பாவை யார் பிடிப்பது என்று பார்த்தபோது லாஃப்டிஸ் மாமா முன்னால் வந்து வாங்கிக்கொண்டார்.

"சொட்டாம எழுது. என் பேரு மேல சொட்டிச்சு, தெரியும் சேதி."

"உங்க பேரு இந்த வருஷம் எங்க மாமா இருக்கு?"

கடை குலுங்கச் சிரித்தது. அவரும்தான் சிரித்தார்.

அவள் முதலில் எடையை எழுதினாள். பிறகு பெயரை ஆரம்பித்தாள். கடைக்குள் சத்தம் அடங்கிவிட்டது. தூரிகை பலகையில் உரசுவது கேட்டது. நடுவில் ஒரு தடவை தூரிகையை எடுத்து, தோளை உருட்டிவிட்டு, மறுபடி தொட்டாள். ஒரு சொட்டும் விழவில்லை. கடைசி எழுத்தை முடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கி, இரண்டடி பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"எல்லாத்தையும் விடப் பெருசா இருக்கே," என்றார் லாஃப்டிஸ் மாமா.

"மீனும் பெருசுதான் மாமா."

அர்டித் டாக்கெட் என்று முழுப் பெயர். என் தங்கை தன் பெயரைத் தானே எழுதியது அதுதான் முதல் தடவை. அன்று 1954ஆம் ஆண்டு ஜூலை மாதம் மூன்றாம் தேதி, சனிக்கிழமை.